தெரென்டி ஏறிய மரம்

குத்தாயிசி நகரத்துத் திருடர்களுக்கெல்லாம் தெரென்டி தலைவராக இருந்த காலத்தில், எங்கள் தெருவில் எவனும் சைக்கிளைப் பூட்ட மாட்டான். பூட்டினால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். என் மாமா ஒரு நாள் மறந்துபோய்ப் பூட்டிவிட்டு, ஒரு வாத்தைத் தூக்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். இப்போது ஒரு சைக்கிளுக்கு மூன்று பூட்டு. அப்படியும் காலையில் பூட்டுதான் இருக்கிறது.

நான் குகுரி. அந்த நாளில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்து வருஷம் தெரென்டியை என் வோல்கா காரில் வைத்துச் சுற்றியவன், ஆகவே நான் சொல்வதில் பாதியாவது நிஜம்.

ஆள் குள்ளம். என் தோள் உயரம்கூட வரமாட்டார். ஆனால் அவர் தும்மினால் ரியோனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் எழுந்து நிற்பான். பதினான்கு வயதில் ரயில் நிலையத்தில் தொழிலை ஆரம்பித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினாராம். அப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஜெயில். எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துபோகும் ஒரு வடக்கத்தி ஜெயிலில், பெரிய திருடர்கள் எல்லாம் கூடி அவரையும் தங்களில் ஒருவராக முடிசூட்டினார்கள்.

அந்த முடி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கனம் ஜாஸ்தி. முடிசூடிய திருடன் கல்யாணம் பண்ணக்கூடாது. அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை செய்யக்கூடாது. ஒரு நாள்கூட. ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. வேலை செய்வதை இன்னொரு முடிசூடிய திருடன் பார்த்துவிட்டால் கன்னத்தில் ஒரே ஓர் அறை. அத்தோடு முடி போச்சு. அப்புறம் அவன் பேச்சை நாய்கூடக் கேட்காது.

தெரென்டி இந்தச் சட்டத்தை எச்சில் படாமல் காப்பாற்றினார். அவர் அறையில் நாற்காலிக் கால் ஒன்று ஆடியது. நான் சுத்தியலோடு வரும்வரைக்கும் ஒரு மாதம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ரெண்டு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே?" என்றேன்.

"தட்டியிருந்தா நானும் முடிஞ்சிருப்பேன்டா, கழுதை."

காலையில் முடிதிருத்தும் கடையின் பின்னறையில் உட்காருவார். ஊர் வழக்கெல்லாம் அங்கேதான். வேலித் தகராறு, ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல் போன பசு. கோர்ட்டில் மூன்று வருஷம் இழுப்பதை இவர் ஒரு சிகரெட்டில் முடிப்பார். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவரே மெதுவாக வந்து, "என் தொப்பியக் காணோம்" என்றார். சாயங்காலத்துக்குள் தொப்பி வந்துவிட்டது. துவைத்து, இஸ்திரி போட்டு.

அப்படி ஒரு வழக்கோடுதான் நசிப்ரோலா வந்தாள். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம் வைத்திருந்த விதவை. ஐம்பது வயது, குரல் மட்டும் ஐந்நூறு பேருக்குக் காணும். சாராயம் காய்ச்சும் அவளுடைய செம்பு அண்டாவை எவனோ தூக்கிவிட்டான். மறுநாளே அண்டா அவள் வீட்டு வாசலில் இருந்தது. அதற்கடுத்த நாள் அவள் திரும்பவும் கடைக்கு வந்தாள்.

"யோவ், அண்டா நசுங்கியிருக்கு!"

கத்தரிக்கோல் எல்லாம் நின்றுவிட்டது. சோப்பு நுரையோடு ஒருத்தன் மேஜைக்கு அடியில் போய்விட்டான். தெரென்டியை யாரும் "யோவ்" என்று கூப்பிட்டதில்லை.

"கெடைச்சுதே, அதுக்குச் சந்தோஷப்படும்மா."

"நசுங்கினதுக்கு யாரு பதில் சொல்றது? உன் ஆளுங்களுக்குத் திருடக்கூடத் துப்பில்ல. ஒரு அண்டாவை ஒழுங்காத் தூக்கத் தெரியுதா?"

தெரென்டி முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு வந்து வண்டியில் ஏறினார்.

"எங்கண்ணே?"

"அந்த அண்டா நசுங்கலை ஒருதரம் பாத்துட்டு வரலாம்."

ஒரு வருஷம் முழுக்க, வாரா வாரம், அந்த நசுங்கலைப் பார்த்தோம். வால்நட் அரைத்துவிட்ட கோழி, சோள ரொட்டி, பாலாடைக்கட்டி என்று அவள் திட்டிக்கொண்டே போடுவாள், இவர் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிடுவார். அந்தச் சமயத்தில் எனக்கும் நாலு கிலோ ஏறியது. அப்படி ஒரு காலம் இனி எனக்கு வாய்க்காது.

அக்டோபரில் அவள் தோட்டத்தில் அறுவடை வந்தது. எங்கள் பக்கத்துத் திராட்சைக் கொடி பந்தலில் படுக்காது, மரத்தைப் பிடித்து உச்சிவரைக்கும் ஏறும். கூம்புக் கூடையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஆளும் மேலே ஏறித்தான் பறிக்க வேண்டும். நாங்கள் போன அன்று மதியம் மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. பறிக்கிறவன் முந்தின நாள்தான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். ஒரு பெரிய மரம் முழுக்கப் பழம் மிச்சம். மழை விழுந்தால் அத்தனையும் வெடித்து அழுகிவிடும். நான் ஏறலாம் என்றால் அந்த நாலு கிலோ.

நசிப்ரோலா தெரென்டியைப் பார்த்தாள்.

"எனக்குச் சட்டம் இருக்கு, தெரியுமில்ல?" என்றார் அவர்.

"தெரியும். ஒரு வருஷமா இங்க வந்து மெல்லுற வேலை மட்டும் பாக்குறியே, அது சட்டத்துல சேராதா?"

அவர் நாலு பக்கமும் பார்த்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஐம்பத்து நாலு வயசு ஆள் பூனை மாதிரி ஏறினார்.

"குகுரி, ரோட்டைப் பாத்துக்கிட்டு நில்லுடா."

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சீஸ் ரொட்டி பக்கத்தில் இருந்ததால், கார் வந்ததைக் கதவு சாத்தும் சத்தத்தில்தான் கவனித்தேன். இறங்கியவர் கார்லோ. திபிலிசிக்காரர், அவரும் முடிசூடியவர்தான். கூட இரண்டு தடியன்கள். ஏதோ பஞ்சாயத்துக்காகத் தெரென்டியைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"தெரென்டி எங்கடா?"

"இங்க இல்லீங்க" என்றேன், அவர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே.

கார்லோ தொப்பிமேல் ஒரு திராட்சை விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பண்றே மேலே?"

இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"திருடுறேன்" என்றார் தெரென்டி.

கார்லோ சிரிக்கவில்லை. நசிப்ரோலாவிடம் திரும்பினார்.

"திருட்டுன்னா வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது. நீங்க சொல்லுங்கக்கா. இவரைப் பறிக்கச் சொன்னது நீங்களா?"

அவள் மரத்தைப் பார்த்தாள். எந்நேரமும் கத்துகிறவள் அன்று கிசுகிசுவென்று சொன்னாள்.

"நான் யாரையும் ஏறச் சொல்லல. இவன் திருடந்தான்."

சொல்லிவிட்டு, திரும்பிப் போய்த் திராட்சை பிழியும் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த தொட்டி.

கார்லோ முகம் தெளிந்தது. "ஒரு நிமிஷம் பயந்துட்டேன்யா. சரி, எறங்கு. திருடினதைத் தூக்கிட்டு வா, வண்டில போட்டுக்கிட்டுக் கெளம்பலாம்."

தெரென்டி கூடையோடு இறங்கினார். முடி தப்பித்துவிட்டது. இடது பக்கம் பத்தடியில் கார், ஒரு தடியன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வலது பக்கம் பத்தடியில் தொட்டி. நசிப்ரோலா நிமிரவே இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. தெரென்டி கூடையைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் நான் திபிலிசிக்குப் போய்த் திரும்பியிருப்பேன்.

வலது பக்கம் நடந்தார்.

"எங்க கொட்டணும், நசிப்ரோலா?"

"என் தலையிலயா கொட்டுவே? தொட்டியில கொட்டு!" அவள் குரல் திரும்பிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்.

கொட்டினார். கார்லோ பக்கத்தில் வந்தார். பாவம், அவருக்கும் மனசில்லை. இரண்டு பேரும் ஒரே ஜெயிலில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். ஆனால் சட்டம். ஓங்கி ஓர் அறை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இனிமே நீ யாருமில்ல, தெரென்டி."

தெரென்டி கன்னத்தைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. காலிக் கூடையைக் கையில் எடுத்தார்.

"மேல இன்னும் நாலு கூடை இருக்கு கார்லோ. கொஞ்சம் தள்ளி நில்லு, மரத்தை மறைக்கிறே."

கார்லோ தள்ளி நின்றார்.