ஏழாவது வீட்டு மீட்டர்

மேடை ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்களோ என்று. மீட்டர் மாமாவுக்கு அதற்கு நேர் எதிரான பயம். கேட்கிறவர்கள் தூங்கினால்தான் அவருக்கு வேலை முடிந்தது. தூங்காவிட்டால் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டியதும், நரம்பியல் பிரிவு. அதன் வாசலில் ‘குடும்ப உதவி’ என்று ஒரு பலகை. பலகைக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சக்கரமில்லாத பொம்மைக் கார்கள் நிறைந்த ஒரு பெட்டி, மாமா. படிவம் நிரப்பித் தருவார். சக்கர நாற்காலி தேடித் தருவார். எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த டாக்டர் என்று சொல்வார். அழுகை முட்டிக்கொண்டு நிற்கும் அப்பாக்களைக் கழிப்பறை வரை அழைத்துப் போவார். அம்மாக்கள் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிடுவார்கள். அப்பாக்களுக்குத்தான் ஒரு கதவு தேவைப்படும்.

ஆனால் ஆஸ்பத்திரி அவரை வைத்துக்கொண்டிருப்பது இதற்காக அல்ல. உண்மையான காரணம் எந்தக் காகிதத்திலும் இல்லை. எழுதினால் மேலிடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

வலிப்பு வருகிற பிள்ளைகளுக்கு ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள். தலையில் இருபது இருபத்தைந்து கம்பிகளைப் பசை போட்டு ஒட்டி, மூளையில் ஓடும் அலைகளைத் திரையில் பதிவு செய்வது. வலி கிடையாது. ஒரே சிக்கல், பிள்ளை விழித்திருக்கும்போது ஒளிந்துகொள்கிற கோளாறுகள் சில தூக்கத்தில்தான் தலைகாட்டும். அதனால் பிள்ளை தூங்க வேண்டும். தலை நிறைய கம்பி, தெரியாத அறை, பக்கத்தில் பதற்றத்தோடு இரண்டு பெற்றோர், “தூங்கு, தூங்கு” என்று காதோரம் கெஞ்சல். இந்த நிலையில் பெரிய மனிதர்களே தூங்க மாட்டார்கள்.

மாமா முன்பு தண்ணீர் வாரியத்தில் மீட்டர் குறிக்கிறவர். மீட்டர்கள் தாமாகவே எண்களை அனுப்பக் கற்றுக்கொண்டதும் வாரியம் அவருக்குக் கைகுலுக்கி விடை கொடுத்தது. அந்தச் சமயத்தில் தங்கை மகனுக்கு இதே அறையில் ஒரு பதிவு. துணைக்கு வந்தவர், நடைக்கூடத்தில் தங்கையிடம் ஒரு பன்னிரண்டு வீட்டுக் கட்டிடத்தில் மீட்டர் குறித்த கதையைச் சொல்லத் தொடங்கினார். நாலு நிமிடத்தில் தங்கை மகன் தூங்கினான். அடுத்து தங்கை. அடுத்து, கடமையில் இருந்த காவலாளி. தலைமை நர்ஸ் வந்து பார்த்தார். காவலாளியைத் திட்டினார். மாமாவை வேலைக்கு எடுத்தார்.

“எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல,” என்பார் அவர் மனைவி. “மொத தடவை பாத்துப் பேசினப்பவே நான் கொட்டாவி விட்டேன். இவரு அதை வெக்கம்னு நெனச்சுட்டாரு.”

கதை எப்போதும் ஒன்றுதான். முதல் வீட்டு மீட்டருக்கு இரும்பு மூடி. இரண்டாவது வீட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி. மூன்றாவது வீட்டு மூடி முதல் வீட்டுடையதைப் போலவே, ஆனால் சற்றுத் துரு அதிகம். மூன்றாவது வீட்டைத் தாண்டியவர்கள் அபூர்வம். ஒருமுறை ஒரு பையன் ஐந்தாவது வீட்டின் படிக்கட்டு வரை வந்தான். அந்தப் பிரிவில் அதுதான் சாதனை.

மாமாவின் சோகம் என்னவென்றால், கதை நன்றாக ஆவதே ஏழாவது வீட்டில்தான். அங்கே ஒரு மர்மம் இருந்தது. ஐந்து வருடமாக அவர் கதை சொல்கிறார், ஐந்து வருடமாக யாரும் அங்கே வந்து சேரவில்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கு வெற்றி. ஒவ்வொரு வெற்றியும் ஒரு சின்ன அவமானம்.

பதிவு எடுக்கும் டெக்னீஷியன் அக்கா மட்டும் தூங்கியதில்லை. காரணம் எளிது. மாமா வாயைத் திறக்குமுன் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வார். அது காதுவலி என்று மாமா நம்பினார். “இப்போ எப்படிம்மா இருக்கு?” என்று வாரம் ஒருமுறை அக்கறையாக விசாரிப்பார். “பரவால்லண்ணே,” என்று அக்காவும் ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த எட்டு வயதுக்காரி வந்தாள்.

பாப்பாவுக்கு வலிப்பு வந்து இரண்டு வருடமாகிறது. இன்றைய தூக்கப் பதிவு சுத்தமாக இருந்தால் மருந்தைக் குறைக்கத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் குடிக்கிற அந்த மருந்தினால் அவள் வகுப்பில் மேசை மேல் தலை வைத்துத் தூங்குவாள். அதாவது, தூங்கக்கூடாத இடத்தில் தூங்காமல் இருக்க, தூங்க வேண்டிய இடத்தில் அவள் தூங்கிக் காட்ட வேண்டும். மூன்று மாதம் முன்பு ஒருமுறை வந்து தூங்காமலே திரும்பிப் போயிருந்தாள். அன்று மாமா விடுப்பில் இருந்தார். இன்றும் தவறினால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதே மருந்தோடு. தூக்க மருந்து கொடுக்கக்கூடாது, தானாக வருகிற தூக்கம்தான் வேண்டும் என்று டாக்டர் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

இதற்காக முந்தைய இரவு பாதிக்கு மேல் பிள்ளையை விழிக்க வைத்து அழைத்து வரச் சொல்வார்கள். அம்மாவும் அப்பாவும் அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்து, அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் ஒரு ஓட்டை தள்ளிப் போடப்பட்டிருந்தன. பாப்பா மட்டும் மழையில் நனைந்த செடி மாதிரி பளிச்சென்று இருந்தாள். மாமாவுக்குச் சந்தேகம் வந்தது.

“வர்ற வழியில வண்டியில தூங்கலையே?”

“இல்ல சார். கண்ணைக்கூட மூட விடல,” என்றாள் அம்மா.

“நாப்பது நிமிஷம் தூங்கினேன்,” என்றாள் பாப்பா. “அம்மாவும்தான். அம்மா குறட்டை விட்டாங்க.”

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். “ஓட்டினது நீங்கதானே? கண்ணாடியில தெரியாதா? எழுப்ப வேண்டியதுதானே?”

“எழுப்பலாம்னுதான் பாத்தேன். ரெண்டு பேரும் அவ்வளவு அழகா இருந்தீங்க.”

“அழகு! அந்த அழகை டாக்டர்கிட்ட போய் நீங்களே சொல்லுங்க.”

இந்த இடத்தில் குடும்ப உதவி தேவைப்பட்டது. “சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்,” என்றார் மாமா. “நான் பாத்துக்கறேன். என்கிட்ட இதுவரைக்கும் யாரும் தப்பிச்சதில்ல.”

பத்தரை மணிக்குக் கம்பிகள் ஒட்டியாயிற்று. பதினொன்றரைக்கு அடுத்த குழந்தை. இருபது நிமிடத் தூக்கமாவது பதிவாக வேண்டும் என்றால் பதினொன்று பத்துக்குள் அவள் தூங்கியாக வேண்டும். விளக்கைக் குறைத்தார்கள். அக்கா பஞ்சை வைத்துக்கொண்டு திரை முன் உட்கார்ந்தார். மாமா முக்காலியை இழுத்துப் போட்டுத் தொண்டையைச் செருமினார்.

“ஒரு கட்டிடம். பன்னிரண்டு வீடு. ஒண்ணாவது வீட்டு மீட்டருக்கு இரும்பு மூடி...”

அந்த மூடியிலேயே அப்பாவின் தலை சாய்ந்தது. “ரெண்டாவது வீட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி...” அம்மா கட்டிலின் கால்மாட்டில் கன்னத்தை வைத்தாள். மாமா திருப்தியோடு மூன்றாவது வீட்டுக்குப் படியேறினார்.

“ரெண்டாவது வீட்டுக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக்?” என்றது தலையணை.

மாமா நின்றுவிட்டார். ஐந்து வருடத்தில், ஏன், அதற்கு முந்தைய இருபத்தி நாலு வருட இல்லறத்திலும், இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

“அது... நல்ல கேள்வி. இரும்பு மூடியை யாரோ எடுத்துட்டுப் போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டாங்க.”

“யாரு?”

“நாலாவது வீட்டுக்காரங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாலாவது வீட்டுக் கதவு சாத்தவே இல்லையே!”

பாப்பா சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அதுவரை தரையோடு ஊர்ந்துகொண்டிருந்த அவருடைய குரல் எழுந்து நின்றது. ஏற்றம் வந்தது, இறக்கம் வந்தது, இடையில் நிறுத்திப் பார்க்கிற அழகெல்லாம் வந்தது. ஐந்தாவது வீட்டு நாயைக் குரைத்தே காட்டினார். அக்கா திரையைப் பார்த்தார். பிள்ளையின் அலைகள் பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளைகளைப் போலக் கலைந்து ஓடிக்கொண்டிருந்தன. குரலைத் தணிக்கச் சொல்லி அக்கா உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினார். மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பத்து ஐம்பத்தைந்து. ஆஸ்பத்திரி வரலாற்றில் முதல்முறையாக ஒரு குழந்தை ஏழாவது வீட்டு வாசலில் வந்து நின்றது.

“ஏழாவது வீட்டுல அஞ்சு பேரு,” மாமா குரலைத் தாழ்த்தினார். “தினமும் துவைக்கறாங்க. கொடி நிறைய ஈரத்துணி. ஆனா மீட்டர்ல முள்ளு அசையவே இல்ல. போன தடவை என்ன நம்பரோ அதே நம்பர்.”

பாப்பா கம்பிகளோடு எழுந்து உட்கார்ந்தாள். “மீட்டர் கெட்டுப்போச்சா?”

“புது மீட்டர் மாத்தினேன். அதுவும் அசையல.”

அக்கா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மாமா பார்த்தார். பதினொன்று. அப்போதுதான் நிலவரம் அவருக்கு உறைத்தது. அப்பா குறட்டை, அம்மா குறட்டை, பாப்பா கண் அகல. வாழ்நாள் முழுக்க அவர் தேடிய கேட்கிற காது கிடைத்துவிட்டது. அது கிடைத்ததுதான் இப்போது தொந்தரவு. அவள் தூங்காவிட்டால் இன்னும் மூன்று மாதம் வகுப்பு மேசையில்தான் தூங்குவாள். கதையை இங்கேயே விட்டாலோ, இந்தப் பெண் மூன்று மாதமும் கண்ணையே மூட மாட்டாள் போலிருந்தது.

“படுத்தாத்தான் மீதி,” என்றார்.

படுத்தாள். “எட்டாவது வீட்டுல யாரு?”

“யாருமில்ல. பூட்டிக் கிடந்துச்சு.”

“அங்க மீட்டர் ஓடுச்சா?”

 அந்தக் கேள்வியை மாமா தனக்குத் தானே கேட்டுக்கொள்ள மூன்று மாதம் பிடித்திருந்தது. “ஓடுச்சு,” என்றார் சிறிய குரலில்.

“அப்போ குழாய் மாறிப் போச்சு. ஏழாவது வீட்டுக்குப் போற தண்ணி எட்டாவது மீட்டர் வழியாப் போகுது.” ஏதோ கூட்டல் கணக்கு போல விடையைச் சொல்லிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவையும் அப்பாவையும் பார்த்தாள். “இங்கயும் அப்படித்தான் மாமா. எனக்கு வர வேண்டிய தூக்கம் அப்பாவுக்குப் போயிடுச்சு.”

“ஆமா,” என்றார் மாமா.

“எப்படிச் சரி பண்ணீங்க? சுவரை ஒடைச்சீங்களா?”

மாமாவின் நாக்கு நுனியில் சம்மட்டி, பீய்ச்சி அடிக்கும் தண்ணீர், முழங்கால் வரை வெள்ளம் எல்லாம் வரிசையில் நின்றன. ஒன்றை வெளியே விட்டாலும் போதும், மாலை வரை விழித்திருப்பாள். சொல்லவும் ஆசை. ஆனால் அவர் உதவிப் பிரிவு ஆள்; பொய்களை விழுங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்லி உதவினார்.

“ஒண்ணும் ஒடைக்கல. நோட்டுல ஏழுன்னு இருந்ததை எட்டுன்னு மாத்தி எழுதினோம். எட்டுன்னு இருந்ததை ஏழுன்னு எழுதினோம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். மேலதிகாரி கையெழுத்துப் போட்டாரு.”

ஏமாற்றத்தில் பாப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மாமா அந்த வாய்ப்பை விடவில்லை. தன் பழைய குரலைத் தேடி எடுத்து, தரையில் கிடத்தினார். “ஒன்பதாவது வீடு. இரும்பு மூடி. ஒன்பதாவது வீட்டுல ஒண்ணும் நடக்கல. பத்தாவது வீடு. அதுவும் இரும்பு மூடிதான்...”

பத்தாவது வீட்டு மூடியைத் திறக்குமுன் அவள் தூங்கியிருந்தாள். பதினொன்று எட்டு. அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கதையை நிறுத்தினால் விழித்துவிடுவாளோ என்ற பயத்தில் மாமா பன்னிரண்டு வீட்டையும் முடித்து, மொட்டை மாடித் தொட்டிக்கும் ஏறி இறங்கினார். அன்றுதான் அந்தக் கதை முதல்முறையாக முழுதாகச் சொல்லப்பட்டது. கேட்க ஒருவரும் விழித்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கு எல்லோரையும் எழுப்பினார்கள். பாப்பா உடனே எழுந்தாள். அப்பாவை எழுப்பத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. மாமா ஈரத்துணியால் பாப்பாவின் முடியிலிருந்து பசையைத் துடைத்துவிட்டார்.

“பதினொண்ணாவது வீட்டுல என்ன ஆச்சு மாமா?”

“ஒண்ணும் ஆகலம்மா.”

“நெசமாவா?”

“நெசமா. உன் மேல சத்தியமா போரு.”

பிற்பகலில் டாக்டர் பதிவைப் பார்த்தார். ஈ.ஈ.ஜி. ஓடும்போது கேமராவும் ஓடும், ஒலியும் பதிவாகும். பார்த்து முடித்ததும் கதவைத் திறந்துகொண்டு கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்து, “இதுல பேசறது யாரு? சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பாக்க முடிஞ்சுது,” என்றார். பிறகு பெற்றோரைப் பார்த்து, “தூக்கத்துல இருபத்திரண்டு நிமிஷம். சுத்தமா இருக்கு. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்,” என்றார்.

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். மாமா எழுந்து, வழக்கம்போல, அப்பாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார்.

அவர்கள் போன பிறகு டெக்னீஷியன் அக்கா மேசைக்கு வந்தார். ஐந்து வருடத்தில் முதல்முறையாக, மாமா பேசாதிருக்கும்போது அல்ல, பேசப்போகிறார் என்று தெரிந்தே, காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

“அண்ணே, பத்து அம்பத்தஞ்சுக்கு அந்தப் பொண்ணுக்கு அலை அப்படிக் குதிச்சுது. அப்படி என்ன சொன்னீங்க?”

மாமாவின் முகம் மலர்ந்தது. “அதுவா? ஏழாவது வீட்டுல ஒரு மர்மம்மா. சொல்றேன், உக்காரு.” தொண்டையைச் செருமினார். “ஒரு கட்டிடம். பன்னிரண்டு வீடு. ஒண்ணாவது வீட்டு மீட்டருக்கு இரும்பு மூடி...”

“அண்ணே, நேரா ஏழாவது வீட்டுக்கு வாங்களேன்.”

மாமா அவரை வினோதமாகப் பார்த்தார். “ஒண்ணாவது வீட்டைத் தாண்டாம ஏழாவது வீட்டுக்கு எப்படிம்மா போறது?”

அக்கா யோசித்தார். பிறகு பஞ்சை எடுத்துத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டியபடி கேட்க உட்கார்ந்தார்.