ஆற்றங்கரைத் துணிகளும் ஒரு விருது விழாவும்

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரின் வேலை என்னவென்று கேட்டால், ஊரே தூங்கும் ஞாயிற்றுக்கிழமையில் மாணவர்களோடு குப்பை பொறுக்குவது. தென்காசியில் எனக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ஊருக்கு உழைக்கும் ஒருவரை மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சேவை விருது. விருது விழா நடத்தி நொந்துபோன என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், முதல் துணுக்கைப் பார்த்து ‘நாமும் பட்டதுதானே’ என்று மூடிவைத்துவிடாதீர்கள். மற்றவை நீங்கள் பட்டிருக்க மாட்டீர்கள்.

சால்வை ஆசை

அறிவிப்பு ஒட்டிய மறுநாளே ஆட்கள் வந்துவிடுவார்கள். இந்த முறை ஒருவர், தான் மரக்கன்று நட்ட படங்களைக் கத்தையாகக் கொண்டுவந்தார். எல்லாப் படத்திலும் ஒரே கன்று, சட்டை மட்டும் வேறு வேறு.

மாணவர்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தென்காசியில் ஒரு கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கும் பேச்சியக்காவுக்குத்தான் அத்தனை ஓட்டும். தோஷம் கழியக் குற்றாலத்தில் குளிப்பவர்கள், உடுத்திய துணியை அங்கேயே ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிறுதோறும் அதை அள்ளி, நல்லதைத் துவைத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்து, கிழிசலைப் பையாகத் தைப்பவர் அவர். மரக்கன்றுக்காரரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கொஞ்சமும் தளரவில்லை. “அந்தம்மாவுக்கே கொடுங்க சார், வேண்டாங்கலை. எனக்கு ஒரு சால்வை மட்டும் போத்துங்க. அதையும் நானே வாங்கிட்டு வந்திருதேன்.”

கூப்பிடுகிற குரல்

விருது கொடுப்பதற்கு முன்னால் வாங்குகிறவரின் வேலையைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அருவிக்குக் கீழே, சிற்றாற்றில் பாறைக்குப் பாறை துணி கிடந்தது. தண்ணீரில் கிடப்பதைப் பேச்சியக்கா மளமளவென்று அள்ளினார். தண்ணீரைவிட்டுத் தள்ளிக் கரையில் கிடப்பதை மட்டும் தொடவில்லை. அதன் முன்னால் போய் நின்று, மரங்களைப் பார்த்து, “துணிக்குச் சொந்தக்காரவுக யாரு? வாங்க, இங்கன இருக்கு” என்று கூப்பிட்டார். பிறகு பேசாமல் நின்றார். பிறகு மறுபடியும் கூப்பிட்டார்.

பெரும்பாலும் அது வெறும் குப்பைதான். குரங்கு எங்கிருந்தோ இழுத்துவந்து போட்ட பாவாடைக்குக்கூட அன்று தொண்டை வறளக் கூப்பிட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் சாரல் விழுந்துகொண்டிருக்கும் ஆளில்லாத கரையில், அவர் அப்படிக் காதுகொடுத்து நிற்பதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாம் ஆண்டு படிக்கும் முத்துமாரி, வாயாடி, என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். “அக்கா கூப்பிடுதது பயமா இல்ல சார். கூப்பிட்டுட்டுச் சும்மா நிக்காவல்லா, அப்பத்தான் யாரோ கெளம்பி வாரது மாதிரி இருக்கு.”

சட்டை நடந்து போனது

ஏன் அப்படிக் கூப்பிடுகிறார் என்று விழா மலருக்காகப் பேச்சியக்காவிடம் கேட்டோம். மிஷினை நிறுத்தாமலே சொன்னார். இந்த வேலையை ஆரம்பித்த புதிதில், கரையில் மடித்து வைத்திருந்த பழுப்பு நிறச் சட்டை ஒன்றை எடுத்துவந்திருக்கிறார். துவைத்துத் தேய்த்துப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, குற்றாலத்துக்குப் போன கணவனைக் காணவில்லை என்று வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் படத்தோடு தேடி வந்தாள். படத்தில் அதே சட்டை. கரையில் துணி எதுவும் இல்லாததால் அதுவரை ஆற்றில் யாரும் தேடவே இல்லை.

சட்டையையாவது ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவள் கெஞ்சியதால், பேச்சியக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். லாரிகளுக்கு நடுவில் அந்தச் சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் கணவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். மூட்டைக்காரர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினார். அதற்குப் பிறகுதான் ஆற்றில் தேடினார்கள், உடல் கிடைத்தது. அவள் பேச்சியக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். ஊருக்குக் கிளம்பும்போது இவ்வளவுதான் சொன்னாளாம்: “அந்த ஆளு திரும்புத வரைக்கும் எங்க வீட்டுக்காரருதான்க்கா.”

என் கை

விழாவன்று காலையில் பேச்சியக்காவை அழைக்கப் போனால் வீடு பூட்டிக்கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, எங்கே இருப்பார் என்று தெரியும். முத்துமாரியும் நானும் காரை நேரே குற்றாலத்துக்கு விட்டோம். விழாவுக்காகக் கட்டிய பட்டுச் சேலையோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். எதிரே பாறையில் ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு ஜோடி செருப்பு. விடிந்ததிலிருந்து கூப்பிடுகிறாராம், குரல் கம்மிப்போயிருந்தது.

கல்லூரியில் சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். முதல்வர் போன் மேல் போன். நான் கெஞ்சினேன். யாரோ கழித்துப் போட்ட துணிதான் என்று வாதாடினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. துணியை எடுத்துக் காரில் போட்டுவிட்டால் இவரும் வந்துதானே ஆக வேண்டும் என்று குனிந்து சட்டையில் கை வைத்தேன். பேச்சியக்கா என் மணிக்கட்டில் பட்டென்று அடித்தார். வலித்தது. அதைவிட, யாரோ என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கூச்சம் பிடரியில் ஏறியது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவர் மறுபடியும் கூப்பிட்டார். எதிர்க்கரையில், கசம் என்று இங்கே சொல்லும் ஆழமான மடுவை ஒட்டிய பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். இடுப்பில் துண்டு மட்டும். உதடெல்லாம் நீலம். மேட்டுப் பாறைகளைச் சுற்றி மெல்ல வந்து சேர்ந்தார். பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. வடகரை என்ற ஊரில் இருக்கும் தங்கையின் போன் நம்பரை மட்டும் முத்துமாரியிடம் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கோபமே இல்லாமல் பேசினார். “இந்தத் துணிய எப்ப எடுத்துட்டுப் போவாகன்னுதான் சார் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் தேட ஆள் கெடையாதுல்லா. நீங்க கைய வச்சதும், சரின்னு தண்ணிப் பக்கம் திரும்பிட்டேன்.”

முன்வரிசை

அவரைத் தனியாக விடப் பேச்சியக்கா சம்மதிக்கவில்லை. நானும் விடுகிற நிலையில் இல்லை. காரில் ஏறியதும் முத்துமாரி அந்தத் தங்கைக்குப் போன் போட்டாள். அதே சட்டையையும் வேட்டியையும் உடுத்திக்கொண்டு அவர் விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் சிறப்பு விருந்தினர் கேடயத்தைக் கொடுத்தார், படமெல்லாம் எடுத்து முடித்தார்கள். அரங்கமே கைதட்டியது. பேச்சியக்காவின் கண் மட்டும் கீழே அந்த நாற்காலியைவிட்டு நகரவே இல்லை. விருந்தினர் அதைக் கவனித்துவிட்டு, அது யார், உங்கள் வீட்டுக்காரரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பேச்சியக்கா மைக் முன்னால் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். “பேரு தெரியாது சார். துணிக்குச் சொந்தக்காரரு, வந்துட்டாரு.”

விழா ஏன் தாமதமானது என்று முதல்வர் எழுத்தில் விளக்கம் கேட்டபோது, எப்படி எழுதிப் பார்த்தாலும் என் கையிலேயே வந்து நின்றதால், வழியில் கார் பஞ்சர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.