கண்ணாடியில் விட்ட இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கண்ணால் பார்த்தேன். காதால் கேட்டேன். 

1991, நவம்பர். கிழக்குத் தாம்பரத்தில் நான் வீடியோ லைப்ரரி நடத்திக்கொண்டிருந்தேன். பழைய இங்கிலீஷ் படங்களின் தந்திரக் காட்சிகள் என்றால் எனக்குப் பைத்தியம். கம்ப்யூட்டர் வராத காலத்தில் கையாலேயே கப்பலை மூழ்கடித்தவர்கள், ஊரை எரித்தவர்கள். அந்தக் கலைஞர்களின் வேலைகளைத் தேடிச் சேகரிக்கும் சங்கம் ஒன்று லண்டனில் இருந்தது. அவர்களுக்கு அடிக்கடி எழுதுவேன். ஒருநாள் அவர்களே போன் செய்தார்கள். பெல்லமி என்ற கலைஞர் ஐம்பதுகளில் ஒரு படத்துக்காக மெட்ராஸ் வந்தார், திரும்பிப் போகவே இல்லை. அவர் செய்தது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

பொழிச்சலூரில் வீட்டைக் கண்டுபிடித்தேன். பெல்லமி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி செல்வமேரி பம்மல்காரர். அறுபதைத் தாண்டியவர். தனியாக இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கீது தம்பி. எடுத்துட்டுப் போயிடுங்க. அதைப் பாத்துகினு இருக்க என்னால முடியல."

ஹாலில், மரச்சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்று நின்றது. அதன் மேல் பெல்லமி ஓர் அரண்மனையை வரைந்திருந்தார். கோபுரங்கள், படிக்கட்டு, இடது பக்கத்திலிருந்து விழும் மாலை வெயில். கீழே நடுவில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு வண்ணம் பூசாமல் விட்டிருந்தார். நடிகர்கள் கண்ணாடிக்குப் பின்னால் தூரத்தில் நிற்பார்கள். அந்த இடைவெளி வழியாகக் கேமரா பார்த்தால், அரண்மனைப் படியிலேயே நிற்பது போலத் தெரியும். படம் முடிந்ததும் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு வேறு காட்சி வரைவார்கள். அதனால்தான் பெல்லமி வரைந்ததில் இது ஒன்றுதான் மிச்சம்.

மறுநாள் சாயங்காலம், பெட்டியில் அடைக்கும் முன் போட்டோ எடுக்கப் போனேன். நல்ல மழை. செல்வமேரி அம்மா குடையை எடுத்துக்கொண்டு சர்ச் பூசைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் நான் மட்டும்.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.

பரவாயில்லை, ஃப்ளாஷ் இருக்கிறது என்று கேமராவில் கண்ணை வைத்தேன்.

இடைவெளியில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

நாற்பது வயதை ஒட்டி இருக்கும். காதோரம் நரை. வெறுங்கால். உறவுக்காரர் யாரோ உள்ளே இருந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"போட்டோ எடுக்கறேன் மேடம். கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

ஓர் அடி நகர்ந்தாள். நின்றாள். விறைப்பாக. இமைகூட அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது... வெளியே மழை. ஹாலில் இருட்டு. ஆனால் அவள் கன்னத்தில் வெயில் அடித்தது. ஓவியத்தில் இருக்கும் அதே வெயில். அதே இடது பக்கத்திலிருந்து.

அவள் தலைமுடி காற்றில் பறந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

கண்ணாடிக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன்.

வெறும் சுவர்.

மறுபடி கேமராவுக்குள்...

இருந்தாள். இப்போது கிட்டத்தில்.

உதடு அசைந்தது. குரல் அங்கிருந்து வரவில்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில் கேட்டது... சின்னக் குழந்தையின் குரல்.

"போதுமா டாடி...?"

எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது. செல்வமேரி அம்மா திரும்பி வரும்போது படியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன். உளறிக்கொட்டினேன். அவர் குடையை மடக்கக்கூட இல்லை.

"அப்ப... அவரு சொன்னது நெஜந்தானா?"

அவர்களுக்கு ப்ளோரா என்று ஒரே மகள். பெல்லமி வரையும்போது அவளைத் தூரத்தில் நிறுத்தித்தான் அளவு பார்ப்பார். அவருக்குத் தெரிந்த தமிழே நாலைந்து வார்த்தை. அதில் ஒன்று 'போதும்'. அதைச் சொன்னால்தான் அவள் அங்கிருந்து வருவாள். 1962 கோடையில் இந்தக் கண்ணாடியை வரைந்த மும்முரத்தில் அவர் சொல்ல மறந்துவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியாது. வெயிலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். அன்றைக்கு விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எட்டு வயது.

"அதுக்கப்புறம் அவரு பிரஷ்ஷைத் தொடல. தெனம் இதுக்கு முன்னால உக்காந்துக்குவாரு. அதோ நிக்கிறா பாருன்னுவாரு. புத்தி கலங்கிட்சின்னு நெனச்சேன். போதும்னு சொல்லி அனுப்பிடுய்யான்னு கெஞ்சுவேன். சொன்னா போயிடுவாளேன்னு அழுவாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெத்தவ நானு. என் கண்ணுக்குத் தெரியல தம்பி. எப்டி இருந்தா? அதே ரோஸ் கவுனா?"



"சின்னப் பொண்ணு இல்லம்மா. நாப்பது வயசு இருக்கும். காதோரம் நரைச்சிருந்தது."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நரைச்சுட்சா... எம்பொண்ணுக்கா..."

பிறகு எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். வண்ணம் பூசாத அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"போதும் கண்ணு. வா."

எதுவும் நடக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

கண்ணாடி பத்திரமாக லண்டன் போய்ச் சேர்ந்தது. பெல்லமியின் பெயரோடு காட்சிக்கு வைத்தார்கள். அதைச் சொல்லலாம் என்று பிப்ரவரியில் ஒருநாள் பொழிச்சலூர் போனேன். பக்கத்து வீட்டுத் தனம் தெரு பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"செல்வமேரி அம்மா இருக்காங்களா?"

"கீறாங்க சார். இப்ப தனியா இல்ல. சீமைலேர்ந்து பொண்ணு வந்துகீதே, தெரியாதா?"

"எப்போ... எப்போ வந்தாங்க?"

"போன மழையில. வந்ததுலேர்ந்து அந்தம்மா ராத்திரி பகலா அதுக்குக் காலு புடிச்சு வுட்டுகினே கீது. அப்டி இன்னா வலியோ சார், பாவம்..."