சீனிச்சாமி வீட்டு மொசைக்

பழனிசெட்டிபட்டி சீனிச்சாமியை இதுவரை ஒருவனும் ஏமாற்றியதில்லை. இதை ஊர் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார், கேட்காதவர்களிடமும். ஆயுசு முழுக்க ஏலக்காய் வியாபாரம். பெருங்காய் ஒரு குவியல், சிறுகாய் ஒரு குவியல், இரண்டும் சேர்ந்தால் அது கலப்படம். இளநீரையும் தட்டிப் பார்ப்பார், மருமகன் வாங்கிவந்த ஹெல்மெட்டையும் தட்டிப் பார்ப்பார்.

புது வீடு கட்டியபோது மனைவி கஸ்தூரியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கூடத்துக்கு மொசைக் தரை. உத்தமபாளையத்தில் அவருடைய தங்கை வீட்டில் அப்படித்தான். சிமெண்டில் கல்சில்லைக் கலந்து ஊற்றி, மெஷின் வைத்துத் தேய்த்த அசல் தரை. தங்கை புருஷன் ராக்கப்பன் அதில் பாய்கூட இல்லாமல் வெறும் மேலோடு படுத்துத் தூங்குவார். சகலையின் அந்தத் தூக்கத்தைப் பார்த்தாலே சீனிச்சாமிக்கு வயிறு எரியும்.

ஆனால் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும், வீடெல்லாம் சேறாகும் என்று கொத்தனார் சொன்னதும் அவருக்கு ஆசை விட்டுப்போனது. நேரே தேனி டைல்ஸ் கடைக்குப் போனார். மொசைக் மாதிரியே அச்சடித்த செராமிக் டைல்ஸ் இருந்தது. தட்டினார். கணீரென்றது. போதாதா?

கடைக்காரர் மதன்குமார் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். "நாலு டிசைன் கலந்து வரும்ணே. மாத்தி மாத்திப் பதிச்சாத்தேன் அசல் மாதிரி தெரியும்."

"கலந்து வருமா? ஏலக்காயிலயே எங்கிட்ட எவனும் கலக்க முடியாது. ஒரே ரகமா நானே பொறுக்கிக்கிறேன், தள்ளு."

குடோனில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பொறுக்கினார். வீட்டில் மனைவியிடம், "அசல் மொசைக். இப்பல்லாம் கம்பெனியிலயே தேய்ச்சு அனுப்புறாக" என்றார். கஸ்தூரியம்மாள் நம்பினார். பூரித்துப்போய், மயிலாடும்பாறையில் இருக்கும் பிறந்த வீட்டுச் சனத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

பால் காய்ச்சிய அன்று கூடத்தில் பந்தி. சகலையின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே என்று சீனிச்சாமி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ராக்கப்பன் இலையோரத்தில் எதையோ விரலால் சுண்டினார். அது போகவில்லை. அடுத்த இலையில் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளும் சுண்டினார். பார்த்தால் வரிசை முழுக்கச் சுண்டிக்கொண்டிருந்தது. கரப்பான் குஞ்சு மாதிரி தரையில் ஒரு கறுப்புச் சில்லு, ஒவ்வொரு இலைக்கும் வலப்பக்கம், ஒரே இடத்தில், ஒரே சாய்வில்.

ராக்கப்பன் கெட்டவரில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சகல, நெசக் கல்லு ஒண்ணுபோல ஒண்ணு விழுமா? எவனோ டைல்ஸ மொசைக்குன்னு உங்க தலையில கட்டிட்டான். பாவம், நல்லா ஏமாந்துட்டீக."

பொய்யன் என்று சொல்லியிருந்தால்கூடச் சீனிச்சாமி பொறுத்திருப்பார். 'பாவம்' என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

"யாரு, நான் ஏமாந்தேனா? டைல்ஸுன்னு தெரிஞ்சேதேன் வாங்குனேன்! நாலு டிசைன்ல நானே தட்டித் தட்டிப் பொறுக்குனது!"

பாயச வாளியோடு எதிரில் வந்து நின்ற கஸ்தூரியம்மாள் அவரையே பார்த்தார். எத்தனை பேருக்குப் போன் போட்டோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது.

"உங்கள ஒருத்தரும் ஏமாத்தலங்க" என்றார். "ஏமாந்தது நாந்தேன்."

சீனிச்சாமி இலையில் சோற்றை ஒதுக்கிப் பாயசத்துக்கு இடம் பண்ணினார். கரண்டி அவரைத் தாண்டிப் போய் ராக்கப்பன் இலையில் பாயசத்தை ஊற்றியது.