பஸ்ஸிலிருந்து வாசிக்கக்கூடிய எழுத்து

கண்டியில் நான் வேலை பார்த்த டியூட்டரிக்கு, அதாவது தனியார் வகுப்பு நிலையத்துக்கு, கம்பளையிலும் புசல்லாவையிலும் கிளைகள் இருந்தன. மூன்று ஊரிலும் பெயர்ப்பலகை மூன்று விதம். ஒன்று கல்யாணப் பத்திரிகை போலச் சுருள் சுருளாக, இன்னொன்று கட்டம் கட்டமாக, மூன்றாவது லொறிக்குப் பின்னால் எழுதுகிறவரின் கைவண்ணம்.

"மூணு போர்டும் மூணு ஊட்டுப் புள்ளயள் மாதிரி ஈக்கி. ஒரே எழுத்தாப் பாருங்க தம்பி," என்றார் உரிமையாளர் ஹாஜியார். கம்பளையில் புதிய கணித வகுப்பு தொடங்கவிருந்தது. பிள்ளைகள் சேராவிட்டால் அந்தக் கிளையைப் பூட்டிவிடுவதாகவும் சொன்னார்.

கணினியை நானே தட்டித் தட்டிப் பழகியவன். அந்தத் தைரியத்தில் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, மதிலில் எந்தச் சுவரொட்டியை வாசிக்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் தோற்கடித்தது மரண அறிவித்தல்தான். தடித்த, நேரான எழுத்து. எழுத்து என்ன பாவம் செய்தது என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, முதலில் கம்பளை வகுப்பின் சுவரொட்டிக்கு அதையே எடுத்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று கறுப்புக் கரையும் போட்டேன். நடுவில், புசல்லாவையில் பெயரெடுத்த யாழ்ப்பாணத்துக் கணித மாஸ்டரின் படம். சுற்றுவட்டாரம் முழுக்க ஒட்டினோம்.

ஞாயிறு காலை கம்பளையில் மாஸ்டரும் நானும் வாசலில் நின்றோம். வெள்ளை உடுத்திக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி ஒரு கூட்டம் வந்தது. கரையையும் படத்தையும் கண்டவர்கள், அடியிலிருந்த இடத்தையும் நேரத்தையும் மட்டுமே வாசித்திருந்தார்கள்.

முன்னால் வந்த அம்மா மாஸ்டரைக் கண்டு பின்வாங்கினார். "ஐயோ சாமி! சேர், நீங்க இருக்கீங்களா?"

"ஓம் பிள்ளை, இப்போதைக்கு இருக்கிறன்." மாஸ்டர் என் பக்கம் கையைக் காட்டினார். "எத்தினை மணிக்கு எடுக்கினமெண்டு இவரிட்டக் கேளுங்கோ."

"எங்க மூத்தவன பாஸ் பண்ண வச்ச மனுசனாச்சேன்னு தேயிலத் தோட்டத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தோம் சேர்." அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சரி, வந்தது வந்தாச்சு. சின்னவன சேத்துட்டுப் போறேன்."

அவரைப் பார்த்து மற்றவர்களும் சேர்த்தார்கள். மத்தியானத்துக்குள் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் நிறைந்தன.

மறுநாள் மெல்லிய, அழகான எழுத்தொன்றோடு ஹாஜியாரிடம் போனேன். "தொட வாணாம் தம்பி. கம்பளை முழுக்க இது எங்கட எழுத்துண்டு தெரிஞ்சிட்டு," என்றார்.

"எழுத்து நிக்கட்டும். என்ர படத்தை எடும்," என்றார் பக்கத்திலிருந்த மாஸ்டர்.

படமும் கரையும் போயின. மூன்று பலகைகளும் ஒரே எழுத்துக்கு வந்தன. என் தேர்வை யாரும் பாராட்டவில்லை. அடுத்த சுவரொட்டியில் உம்முடைய படத்தைப் போட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் மாஸ்டர் விசாரித்தார்.