ஆறாவது ஊக்கு

ஒருவருடைய வலியை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வலியே தெரியாமல் போன ஓர் உடம்புக்காக, அது பட வேண்டிய பயத்தை வேறொருவர் பட்டுத் தீர்க்க முடியுமா? நான் படித்த புத்தகங்களில் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் இயக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், இந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக மேலும் கீழும் போய்வந்தாள் என்று மட்டும் சொல்ல முடியும்.

எல்லோருக்கும் அவள் லிப்ட் அக்கா. பழைய லிப்ட் அது. இரும்புக் கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். மூலையில் ஒரு முக்காலி, அதன் அடியில் ஒரு துணிப்பை. மூன்றாம் மாடியில் வக்கீல்கள், ஐந்தாம் மாடியில் பாத சிகிச்சை நிலையம், எட்டாம் மாடியில் என்ன வேலை நடக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஓர் அலுவலகம். முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே அவள் மாடியைச் சொல்லிவிடுவாள். கட்டுப் போட்ட கால், முன்பக்கம் வெட்டித் திறந்த செருப்பு, ஊன்றுகோல் எல்லாம் ஐந்து. பளபளக்கும் ஷூ மூன்று. "எட்டுக்குப் போறவங்க கால் மட்டும் எங்க போறோம்னே தெரியாத மாதிரி நிக்கும்" என்பாள்.

அவள் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோய் மெதுவாக அவர் பாதங்களில் உணர்ச்சியை எடுத்துக்கொண்டுபோனது. ஒருநாள் ஷூவுக்குள் கிடந்த ஒரு பொடிக்கல்லை மிதித்தபடியே எட்டு மணிநேரம் நின்று வேலை செய்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோதுதான் அது தோலோடு ஒட்டியிருப்பது தெரிந்தது. புண் ஆறாமல் அழுகி, இரண்டு மாதம் கழித்து இடது காலில் இரண்டு விரல்கள் போயின. "வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார். சமாதானமாகத்தான் சொன்னார். அவளுக்கோ அந்த வாக்கியம் தொண்டையில் மாட்டிய முள்ளாக நின்றுவிட்டது.

கடையில் விற்கும் சாக்ஸின் விரல் நுனியில் ஒரு தையல் ஓடுகிறது, உணர்ச்சியில்லாத காலுக்கு அந்தத் தையல்கூடப் புண்ணாகலாம் என்று சொன்னது ஐந்தாம் மாடி நர்ஸ். மறுநாளே லிப்ட் அக்கா நுனியில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசியும் மெல்லிய பருத்தி நூலும் வாங்கினாள். யாரும் கற்றுத்தரவில்லை. தம்பி மகளின் பழைய பின்னல் தொப்பி ஒன்றைப் பிரித்து, திரும்பப் பின்னி, மறுபடி பிரித்து, தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னும் வழியைக் கண்டுபிடித்தாள். விரல் நுனியில் ஆறு கண்ணிகளில் தொடங்கும். சுற்றுக்குச் சுற்று பெருகி அறுபதாகும். பிறகு குழாய்போல ஏறும். குதிகால் வரும் இடத்தில் ஒரு வாய் திறந்து விட்டுவிட்டு மேலே போவாள். கடைசியில் அந்த வாயைச் சுற்றிப் பின்னி, சுற்றுக்குச் சுற்று குறைத்து, கிண்ணம்போல மூடுவாள். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடமாட்டாள். இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேலேயே பின்னிப் புதைத்துவிடுவாள்.

அந்த சாக்ஸ்களை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வளைந்த தண்ணீர்க் குழாய் மாதிரி, ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே கையை விட்டுத் தடவினால் விரல் எங்கேயும் தடுக்காது. அதற்குக் காரணம் உண்டு. பின்னும்போது வெளியே தெரியும் வழுவழுப்பான பக்கம்தான் பாதத்தில் பட வேண்டும் என்று, மூடி முடித்ததும் சாக்ஸைப் புரட்டிவிடுவாள். வெளிப்பக்கம் உள்பக்கமாகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் விபரீதம் இந்த வழக்கத்திலிருந்துதான் வந்தது.

இன்னொன்று. இப்படிச் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது ஒரு சுற்று எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஓர் ஊக்கை மாட்டி வைப்பாள். சுற்றி வந்ததும் கழற்றிப் புதிய கண்ணியில் மாட்டுவாள். நர்ஸ் கேட்டதற்காக மற்ற நோயாளிகளுக்கும் பின்னத் தொடங்கிய பிறகு, மூன்று ஜோடிகளை ஒன்றாகவே வளர்ப்பாள். ஆறு சாக்ஸ், ஆறு ஊக்கு. எல்லாக் குதிகால்களையும் ஒரே நாளில் மூடி, ஊக்குகளை எண்ணி ஒரு மிட்டாய் டப்பாவில் போடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசிக் குதிகால்களை மூடிக்கொண்டிருந்தபோது எட்டாம் மாடியில் யாரோ மணியை அழுத்தி, கையை எடுக்கவேயில்லை. அவசரமாக நூலை இழுத்து இறுக்கினாள். எல்லாவற்றையும் புரட்டினாள். பையில் திணித்தாள். கதவைச் சாத்தினாள். அன்று மாலையே ஒரு ஜோடி பக்கத்து பேக்கரி அம்மாவுக்கும், ஒரு ஜோடி ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டருக்கும், ஒரு ஜோடி தன் வீட்டுக்காரருக்கும் போனது. மூவருக்கும் பாதத்தில் உணர்ச்சி கிடையாது.

திங்கட்கிழமை மதியம் புது நூலை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். ஐந்து ஊக்குகள் இருந்தன.

பையைக் கவிழ்த்தாள். முக்காலியைத் தூக்கிப் பார்த்தாள். லிப்ட் தரையின் இடுக்குகளில் ஊசியை விட்டுத் துழாவினாள். இரண்டாம் மாடியில் ஏறிய ஒருவர் "என்னம்மா, தங்கமா?" என்று கேட்டார். அவள் லிப்டை நேராக ஐந்துக்கு விட்டாள். அவர் போக வேண்டியது தரைத்தளம்.

நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

"தெரியல. அந்த மணிச்சத்தம் மட்டுந்தான் ஞாபகத்துல இருக்கு."

"எந்த சாக்ஸ்ல?"

"ஆறுல ஒண்ணு. குதிகால்லதான் இருக்கும். உள்ள."

உடம்பின் மொத்த எடையும் இறங்கும் இடம் அது. மூன்று நாட்களாக மூன்று பேர் அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர் "ஆ" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல அவர் காலுக்குத் தெரியாது.

"முதல்ல வீட்டுக்காரருக்கு ஃபோன் போடுங்கக்கா" என்றாள் நர்ஸ்.

"போடுறேன்" என்றாள். போடவில்லை. வாட்ச்மேனிடம் லிப்டை ஒப்படைத்தாள்.

"எனக்கு ஏத்தத்தான் தெரியும், எறக்கத் தெரியாதே" என்றார் அவர்.

"அப்ப எல்லாரையும் மேலயே வெச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பேக்கரி அம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்கிறார்.

"காலைக் காட்டுங்க."

"ரொட்டியில குறைன்னா ரொட்டியைக் காட்டுவாங்க. நீ என்னடி காலைக் கேக்குற?"

"உக்காந்து ஷூவைக் கழட்டுங்க. அப்புறமா திட்டுங்க."

வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, தரையில் மண்டியிட்டு அவளே ஷூவை இழுத்தாள். வலது குதிகாலில் சிவப்பாக ஓர் ஈரம். சாக்ஸை உரிக்கக் கை வரவில்லை.

"என்ன அப்படிப் பாக்குற? காலையில ஜாம் பாட்டில் உடைஞ்சுது. ஷூவுக்குள்ளயும் போயிடுச்சா?" என்றார் பேக்கரி அம்மா. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "ஏய், என்ன விஷயம்?"

அவள் சாக்ஸை உரித்து, புரட்டி, தடவி, இன்னொன்றையும் உரித்துத் தடவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். ஊக்கு இல்லை.

"அட, ஊக்கு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காது."

பேக்கரி அம்மா தன் வெறும் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, யாருடையதோ போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராயிங் மாஸ்டர் வீட்டில் இல்லை. கதவைத் திறந்த மருமகள், "மாமா நடக்கப் போயிருக்கார். தினம் எட்டாயிரம் அடி. ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுக்குள்ள வரமாட்டார்" என்றாள். ஃபோனை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

லிப்ட் அக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். எட்டாயிரத்தில் பாதி நாலாயிரம். ஒரு குதிகாலுக்கு நாலாயிரம் தடவை. மூன்று நாளென்றால் பன்னிரண்டாயிரம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனம் பெருக்கிக்கொண்டே போனது. தெருமுனையில் அவர் தெரிந்தபோது, கையை வீசி, குதிகாலை முதலில் ஊன்றி, டாக்டர் சொன்னபடி ஒழுங்காக நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் இவள் பல்லைக் கடித்தாள்.

"சார், நடக்காதீங்க! அங்கயே நில்லுங்க!"

அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். "நாயா?"

"சாக்ஸு!"

விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றவரின் பாதத்தை நடுத்தெருவில் பரிசோதித்தாள். பிறகு மற்றதை. இரண்டிலும் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஷூவை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இன்னும் ரெண்டு பாக்கி. யாரோடது?"

"எங்க வீட்ல."

"அதையில்லம்மா முதல்ல பாத்திருக்கணும்?"

அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். தன் வீட்டை விட்டுவிட்டுப் பிறரை முதலில் தேடிப்போகிறவர்களைப் பெருந்தன்மைக்காரர்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு சாக்ஸ் முடிந்த பிறகும், கடைசிக் கதவைத் திறக்கும்வரை, அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? பயத்துக்கு இப்படி ஒரு தந்திரம் உண்டு. பேருந்தில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டேதான் போனாள்.

வீட்டில் கணவர் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். சாக்ஸ் இரண்டும் துவைத்து ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அவற்றை எடுத்தாள். உள்ளே கையை விட்டாள். ஒன்று. இன்னொன்று. எதுவும் இல்லை.

ஆறிலும் இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அன்றைய நாளின் மிக மோசமான நினைப்பு அப்போதுதான் வந்தது. சாக்ஸில் இல்லையென்றால், சாக்ஸைத் தாண்டிப் போயிருக்கிறதா? காலுக்குள்ளேயே ஊசி முறிந்து, தெரியாமலே அதோடு நடந்தவர்களை அவள் தன் லிப்டில் ஏற்றிப் போயிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் இழுத்தாள். விரல் விரலாக, இல்லாத விரல்களின் தழும்பு வரை அழுத்திப் பார்த்தாள்.

"என்ன தேடுற?"

"ஊக்கு."

செய்தித்தாள் இறங்கியது. அவர் கொஞ்ச நேரம் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, மேஜையிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் ஊக்கு இருந்தது.

"சனிக்கிழமை கடைக்குப் போயிட்டு வந்து ஷூவைக் கழட்டினேன். சாக்ஸுக்கு வெளிய ஏதோ முனை நீட்டிக்கிட்டு மிதியடியில மாட்டி இழுத்துச்சு. பாத்தா இது."

"தொறந்திருந்துச்சா?"

"...ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பின்றதையே விட்டுடுவே. எனக்குத் தெரியாதா உன்னை? காலுக்கு ஒண்ணும் ஆகல. கண்ணாடி வெச்சு நல்லாப் பாத்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று அவர் காத்திருந்தாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர்தான். அவள் கத்தவில்லை. இரண்டு பாதங்களையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கீறல்கூட இல்லை. ஊக்கை வாங்கி மூடினாள். திறந்தாள், மறுபடி மூடினாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பேக்கரியிலும் நடுத்தெருவிலும் அவள் மண்டியிட்டதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேக்கரி அம்மா சொல்லித்தான் அவருக்கே பிறகு தெரியும்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நர்ஸ் லிப்டுக்குள் ஓடிவந்தாள். வீங்கிய கண்களைப் பார்த்தால் அவளும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"அக்கா, கிடைச்சுதா?"

டப்பா மடியில்தான் இருந்தது. உள்ளே ஆறு ஊக்குகள். லிப்ட் அக்கா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"இல்ல" என்றாள்.

மதியத்துக்குள் ஐந்தாம் மாடிச் சுவரில் ஒரு தாள் ஏறிவிட்டது. சாக்ஸைத் தினமும் புரட்டிக் கண்ணாலும் கையாலும் பார்த்த பிறகே அணியவும் என்று நர்ஸ் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். பேக்கரி அம்மா இன்றும் கடை திறப்பதற்குமுன் சாக்ஸை இரண்டு முறை புரட்டிப் பார்க்கிறார். டிராயிங் மாஸ்டர் ஷூவையும் சேர்த்துக் கவிழ்த்துத் தட்டுகிறார். அந்த ஊக்கு இன்னும் எங்கோ இருக்கிறதென்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லிப்ட் அக்கா அதே ஆறு ஊக்குகளை மாட்டி மூன்று ஜோடிகளாகப் பின்னிக்கொண்டிருக்கிறாள். அன்று சொன்ன "இல்ல"வை யாரிடமும் திருத்தவில்லை, கணவர் கேட்டபோதும் காரணம் சொல்லவில்லை.