மூன்றாம் அழைப்பு

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையற்கடை வைத்திருக்கும் ஜிப்ரியா, சட்டப்படி இன்றும் ஹிஷாமின் மனைவி. ஹட்டனுக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறிய ஹிஷாம் திரும்பவே இல்லை. உயிரோடு இருப்பதாகவும் தகவலில்லை, மௌத்தானதாகவும் தகவலில்லை. பல வருடங்கள் பொறுத்த பின்னரே அவள் மனைவி கோரும் மணவிலக்காகிய ‘பஸஹ்’ கேட்டு, முஸ்லிம் மண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்துக்குப் போனாள். தீர்ப்புக் கிடைத்ததும் அவளை நிக்காஹ் செய்துகொள்ளக் கொத்மலைப் பாத்திரக்கடைக்காரர் ஹுசைன் காத்திருந்தார்.

நீதிமன்றம் என்பது காதியாரின் வீட்டு முன்னறைதான். வராத கணவனின் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவது அங்கே வழக்கம். மூன்றுக்கும் பதிலில்லையென்றால் தீர்ப்பு; ஒன்றுக்குப் பதில் வந்தாலும் வழக்கை முதலிலிருந்து கேட்க வேண்டும். அன்று எழுதுவினைஞர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவதற்கு அவர் வாய் திறக்குமுன், உள்ளே காதியார் மேசைமேல் சாய்ந்தார். மாரடைப்பு. வழக்கு அந்த இடத்திலேயே நின்றது.

அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. எல்லாருக்கும் பொதுவான குடும்ப நீதிமன்றம் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜிப்ரியா ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் கந்தோருக்குப் போனாள். அங்கே உதவியாளனாக இருந்த யோகேஸ்வரன் உதட்டைப் பிதுக்கினான்.

“ஒங்க கல்யாணம் முஸ்லிம் சட்டத்தில பதிஞ்சதுங்க. பொது நீதிமன்றத்தில எடுக்க ஏலாது. புதுச் சட்டம் வரட்டும்.”

“எப்ப வரும்?”

“வருது வருதுன்னு எங்க சேருக்கே தலை நரைச்சிருச்சு. இப்ப டை அடிக்கிறாரு.”

அந்த மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. அந்தித் தொழுகையான மஃரிப் தொழுது பாயைச் சுருட்டும் வேளையில், பின்கதவுக்கு வெளியே ஒரு குரல். “ஜிப்ரியா.” சற்றுப் பொறுத்து மீண்டும், “ஜிப்ரியா.” அவ்வளவுதான். கதவைத் திறந்தால் பனிமூட்டம், ஈரத் தேயிலையின் வாசம். குரல் யாருடையது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தெரியும்.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த வேலாயியிடம் சொன்னாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் வேலாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ரெண்டு தரந்தானா? மனுசன்னா மூணாந்தரமும் கூப்புடுவான்டி. பேய்க்கு மூணு வராது. பதில் குடுத்துறாத.”

“பேயா இருந்தா நல்லதுக்கா. நான் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்துட்டு ஹுசைனக் கட்டிக்குவேன்.”

“அடி பாவி மவளே! பேய்க்கு யாரு மரணச் சான்றிதழ் குடுப்பா?”

இருவரும் சிரித்தார்கள். ஜிப்ரியாதான் முதலில் நிறுத்தினாள்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று ஹுசைன் சொல்லியனுப்பியிருந்தார். மறுநாள் பகலிலேயே அவள் காதியாரின் வீட்டுக்குப் போனாள். வீட்டார் கண்டிக்குக் குடிபெயர்ந்து விட்டிருந்தார்கள். முன்னறைக் கதவில் பூட்டுத் துருவேறித் தொங்கியது. வாசலில் வழக்காளிகள் உட்காரும் பலகை மழையில் நனைந்து கிடந்தது; யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போல, ஓரிடத்தில் மட்டும் ஈரமில்லை.

தான் கூப்பிடுவது சட்டத்தில் சேராது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அரைகுறையாக நின்றதை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு வாசலில் நின்றாள்.

“ஹிஷாம்!”

பூட்டிய அறைக்குள் நாற்காலி நகர்ந்தது.

“இருக்கேன்” என்றது குரல்.

வழக்கு முதலிலிருந்து. ஜிப்ரியா திரும்பிப் பாராமல் பனிக்குள் இறங்கி நடந்தாள். அன்று மஃரிபுக்குப் பின் அவள் பெயர் பின்கதவில் மூன்று முறை கேட்டது.